ஒத்தப் பன்னிக்கு வாங்குன டிராக்டர்

டிராக்டருக்குக் காசு குடுத்தது யாருன்னு ஜட்ஜம்மா மறுபடியும் கேட்டாங்க. லவோன் வாயத் தொறக்கல.

புருஷன் டெல்மர் கட்டாம விட்ட வரிக்கு, அயோவாவுல இருக்கற அவங்க பண்ணைக்கே வந்து டிராக்டர ஜப்தி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அது அவரோடது இல்ல, என்னுதுன்னு இவ கேஸ் போட்டிருந்தா.

எப்படிம்மா உன்னுதுன்னு அவ வக்கீல் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனாரு. என்னுதுதான், அவ்வளவுதான்னுட்டா.

சர்க்கார் வக்கீல் விடுவாரா? இதுல விசாரிக்க ஒண்ணுமேயில்ல, ஊருக்கே தெரிஞ்ச கத, இன்னிக்கே தீர்ப்பச் சொல்லிடுங்கன்னாரு.

ஊருக்கே தெரிஞ்ச கததான். பண்ணை நொடிச்சுக் கெடந்த வருஷம், பக்கத்துப் பண்ணை ஆர்லோகிட்ட பேசிப் பேசியே, ஒத்த நொண்டிப் பன்னியக் குடுத்துட்டு டிராக்டர ஓட்டிட்டு வந்தவரு டெல்மர். கல்யாணமோ சர்ச்சு விருந்தோ, எங்க போனாலும் அந்தக் கததான். ஆர்லோ முழிச்ச முழிய நடிச்சே காட்டுவாரு.

மொதல்ல சிரிக்கிறது லவோன்தான்.

பன்னி போறதுக்கு மொத நாளே, தன் அம்மா விட்டுட்டுப் போன பணத்த ஆர்லோ கையில வச்சு, எங்க வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விடாதீங்கன்னு கெஞ்சிட்டு வந்தவளும் அவதான். மனுஷன் சிரிச்சு எத்தன நாளாச்சுன்னு இருந்த நேரம் அது.

இப்ப சொன்னா டிராக்டர் வீடு வந்து சேரும். சொல்லலேன்னா ஏலத்துக்குப் போயிடும், இந்த வருஷம் வெதைப்பு கெடையாது.

டெல்மர் தொப்பிய மடியில வச்சுக்கிட்டுப் பின் பெஞ்சுல ஒக்காந்திருந்தாரு. சுத்தி ஊர்ல பாதிப் பேரு.

லவோன் தலையக் குனிஞ்சுக்கிட்டா. போகட்டும், இரும்புதானே.

"அவ சொல்ல மாட்டாம்மா," டெல்மர் எந்திரிச்சுட்டாரு. "காசு மொத்தமும் அவளுது. என் பன்னிய ஆர்லோ சும்மா பேருக்குத்தான் வாங்கிக்கிட்டான்."

பக்கத்துல இருந்த ஆர்லோவும் எந்திரிச்சு, சத்தியம் பண்ணி, ஆமாம்னாரு. மறுக்க ஒண்ணுமில்லேன்னு சர்க்கார் வக்கீல் ஒக்காந்துட்டாரு. அவர் கேட்டபடி அன்னிக்கே தீர்ப்பு வந்துச்சு. என்ன, லவோன் பக்கம் வந்துச்சு.

வெளிய வராந்தாவுல வச்சு, எப்பலேர்ந்து தெரியும்னு கேட்டா.

அந்த வாரமேன்னாரு. ஆர்லோ வாயில எது தங்கும்?

அப்புறம் எதுக்கு இத்தன வருஷமா அந்தக் கதைய அந்த அளப்பு அளந்தீங்கன்னா.

டெல்மர் தொப்பியத் தலையில வச்சாரு.

"பின்ன, எம் மூஞ்சியப் பாத்தா சிரிக்கப் போற?"