திறக்காத நான்கு ஃபோல்டர்கள்

“புளோறன்ஸ் அக்கா, ஒங்களுக்கும் பூட்டிட்டாங்களா?”

பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த ரபீக்கா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். புளோறன்ஸ் ‘சுங்கம்’ என்ற ஃபோல்டரைத் தட்டினாள். அனுமதி இல்லை என்றது கணினி. இறக்குமதி, கடிதங்கள், ஊழியர் விவரம் என்று தன்னுடைய மற்ற மூன்றையும் தட்டிப் பார்த்தாள். அதே பதில்தான். வெளியேறி, கடவுச்சொல்லைப் போட்டு மறுபடி உள்ளே வந்தாள். அப்போதும் ஒன்றும் திறக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தக் கந்தோர், துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் அலுவலகம். போன வருடம்தான் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு குழு. குழுவில் பெயர் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் திறக்காது. யாரை எந்தக் குழுவில் போடுவதென்று முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா சொல்வார். கல்கிசையில் வீட்டிலிருந்தபடியே கந்தோர்க் கணினிகளைப் பார்க்கும் மிதுஷன் அதைச் செய்து முடிப்பான்.

அதோடு ஒரு வழக்கமும் வந்து சேர்ந்தது. வேலையால் நிறுத்தப்படுகிறவருக்குக் காலையில் ஃபோல்டர் பூட்டும், மத்தியானத்துக்குள் கடிதம் வரும். ஷிராஸுக்கு அப்படித்தான் நடந்தது. பிறகு நப்ரீஸுக்கும். அதனால் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் அங்கே யாரும் மிதுஷனுக்குப் போன் எடுத்துக் காரணம் கேட்பதில்லை. பேசாமல் மேசை லாச்சியைக் காலி பண்ணத் தொடங்குவார்கள்.

புளோறன்ஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் கம்பஸ் படிப்பை முடிக்க இன்னும் இரண்டு வருடம் கிடந்தது. இந்த வயதில் இன்னொரு கந்தோர்ப் படி ஏறினால் யார் வேலை கொடுப்பார்கள்? அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஏன் பூட்டினார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஷிராஸை நிறுத்தியபோது முதலாளி அவனுக்குச் சேவைக் கடிதம் கொடுக்க மறுத்துவிட்டார். அது இல்லாமல் வேறெங்கும் அவனை எடுக்க மாட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரன். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் புளோறன்ஸ்தான் கந்தோர்க் கடிதத்தாளில் நாலு நல்ல வார்த்தை அடித்து, முதலாளியின் கையெழுத்தையும் தானே போட்டுக் கொடுத்தாள். இருபத்தொரு வருடமாகப் பார்த்த கையெழுத்து, அச்சொட்டாக வந்தது. ஷிராஸுக்குப் புறக்கோட்டையில் வேலையும் கிடைத்தது. இந்த விஷயம் அவனையும் அவளையும் தவிர ரபீக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

ரபீக்கா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். எப்படியோ முதலாளியின் காதுக்குப் போயிருக்க வேண்டும் என்றாள். தானாகப் போய் ஒத்துக்கொண்டால் மனுசன் இரங்கக்கூடும் என்றும், நப்ரீஸ் வாயைத் திறக்காமல் இருந்துதான் கெட்டான் என்றும் சொன்னாள்.

“கடிதம் கைக்கு வந்த பொறகு அழுது வேலையில்ல, அக்கா. இப்பவே போங்க.”

புளோறன்ஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

ஸ்ரீஸ்கந்தராசா சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பொய் சொன்னவரை அவர் மன்னித்ததாகவும் யாரும் கேள்விப்பட்டதில்லை. இன்றைக்கு அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளை இன்னும் பயப்படுத்தியது.

“வாங்கோ புளோறன்ஸ். நானே உங்களக் கூப்பிட இருந்தனான்.”

மேசையில் அவள் பெயர் எழுதிய உறை கிடந்தது. கதிரையில் இருக்கச் சொன்னார், அவள் இருக்கவில்லை. அவர் உறையை எடுக்கக் கை நீட்டியதும் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

“அதத் தர முதல் நான் ஒண்டு சொல்லிப்போடுறன், சேர். ஷிராஸின்ட சேவைக் கடிதம் நான் அடிச்சது. உங்கட கையெழுத்தும் நான்தான் போட்டனான்.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

அவள் நிறுத்தவில்லை. ஷிராஸின் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். இந்த இருபத்தொரு வருடத்தில் ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டு போகவில்லை என்றாள். மகளின் படிப்பைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வேறு யாருக்கு இது தெரியும் என்று அவர் கேட்டதற்கு, ஒருவருக்கும் தெரியாது என்றாள். ரபீக்காவின் பெயர் அவள் வாயில் வரவில்லை.

“இவ்வளவு நாளும் சொல்லேல்ல. இண்டைக்கு ஏன் வந்து சொல்லுறீங்கள்?”

“என்ட ஃபோல்டர் நாலும் பூட்டியிருக்கு, சேர். பார்த்தவுடன எனக்கு விளங்கீட்டுது.”

ஸ்ரீஸ்கந்தராசா புருவத்தைச் சுருக்கினார். கைத்தொலைபேசியை எடுத்து மிதுஷனை அழைத்து, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். புளோறன்ஸின் ஃபோல்டர்களை யார் பூட்டச் சொன்னது என்று கேட்டார்.

“நான் பூட்டேல்ல, சேர். நீங்க சொன்ன மாதிரி நேற்றுப் பின்னேரம் அவவ முகாமையாளர் குழுவில சேர்த்தனான். சேர்க்கேக்க பழைய குழுக்களையும் வச்சிரு எண்டு கட்டளையில சொல்ல வேணும், அத விட்டிட்டன் போல. இப்ப அவவுக்கு முகாமையாளர் ஃபோல்டர் மட்டும்தான் திறக்கும். என்ட பிழைதான், சேர். ரெண்டு நிமிசத்தில பழசையெல்லாம் திருப்பிப் போடுறன்.”

முதலாளி, பதவி உயர்வுக் கடிதம் இருந்த அந்த உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஒண்டையும் திருப்பிப் போட வேண்டாம், மிதுஷன்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “அந்த முகாமையாளர் குழுவிலயிருந்தும் அவவ எடுத்துவிடும்.”