டொரதி வரைந்த மூக்கு

“இந்த மூக்கு கோணல்!”

ஓவியக் கண்காட்சிக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவர் வேறு யாருமில்லை, டொரதியின் கணவர் சுவக்கின்தான்.

டொரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு, ஐம்பத்தாறு வயதில் கண்டியில் ஓவிய வகுப்புக்குப் போனவள் அவள். முகம் வரையப் பழக ஆசிரியை சஞ்சீவனி கொடுத்தது ஒரு பழைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் பிரதி. விளக்கொளியில் ஒரு சீமாட்டி.

“இதைப் பார்த்து அப்படியே வரைங்க. கை தானா பழகும்.”

மாதக்கணக்காக அந்த மூக்கோடு மல்லுக்கட்டினாள். வரைவதும் சுரண்டுவதுமாகப் போனது. “மூக்கை விடுங்க, அதோட நிழலை மட்டும் வரைங்க” என்று சஞ்சீவனி சொன்ன அன்றுதான், தட்டையாகக் கிடந்த முகம் உயிர்பெற்று எழுந்தது.

அந்த மூக்கையா இந்த மனுஷன் கோணல் என்கிறார்!

“எங்க கோணல்?” கண்ணாடியைச் சரிசெய்தபடி வந்தார் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஸ்ரீஸ்கந்தராசா.

“நல்லா பாருங்க ஐயா. இடது பக்கம் இழுக்குது.”

“விசர்க் கதை! வெளிச்சம் வலப்பக்கத்தால வருகுது. நிழல் இடப்பக்கம்தானே விழும்? எவ்வளவு வடிவாக் கீறியிருக்கினம்!”

“அப்போ கன்னம்? வீங்கின மாதிரி இல்ல?”

“கன்னத்துலதாங்க உசிரே இருக்கு!” என்று பாய்ந்தாள் பின்னால் நின்ற ஒரு பெண்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள், வாதாடினார்கள்.

“இதை ஆர் கீறினது?” பெரியவர் சுற்றிலும் பார்த்தார்.

“நான்தாங்க” என்றாள் டொரதி.

கைதட்டல் எழுந்தது.

“தங்கச்சி, என்ர மனிசியையும் இப்பிடிக் கீறித் தருவீங்களோ?” என்று கேட்டார் பெரியவர்.

டொரதியின் தலை நிமிர்ந்தது. ஆனாலும் புருஷன் மேல் கோபம் ஆறவில்லை. கண்காட்சியிலிருந்து வெளியேறி வாவிக்கரைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“யாரோ எவரோ பாராட்டுறாங்க. கட்டின புருசன் நீங்க, ஊரு முன்னால என் மானத்த வாங்குறீங்களே!”

சுவக்கின் சிரித்தார்.

“உன் படத்த மாடிப்படி மூலையில மாட்டிட்டாங்க, யார் கண்ணுலயும் படல. காலையில இருந்து அங்கேயே நின்னு, ‘நல்ல படம், பாருங்க’ன்னு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டேன். தலையாட்டிட்டுப் போயிட்டாங்க டொரதி. ‘கோணல்’னேன், ஒருத்தரும் நகரல்ல!”