மாப்பிள்ளை எங்கே?

"ஏன் மாப்பிள்ளை இவ்வளவு லேட்டு?" என்று படுக்கையில் இருந்தபடியே கேட்டார் மாமனார்.

"வேலை இழுத்துடுச்சு மாமா," என்றபடி அவருடைய போர்வையைச் சரிசெய்தான் அவன்.

"எப்பப் பாரு வேலை! என் பொண்ணு பாவம், சாப்பிடாம உட்கார்ந்திருக்கா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் கண்ணயர்ந்ததும் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கினான்.

"நமக்கு விவாகரத்து ஆனதே அவருக்கு ஞாபகமில்லை. பேசாம நான் இங்கேயே இருந்துடட்டுமா?"

"எங்கம்மா செத்த அன்னைக்கும் வேலைன்னுதான் வராம இருந்தீங்க. அப்பாவுக்கு அது மறந்துபோச்சு. எனக்கு மறக்கலையே!"

அவன் படியிறங்கினான். அவள் உள்ளே வந்தபோது அப்பா விழித்திருந்தார்.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"கடைக்குப் போயிருக்கார்ப்பா. இப்ப வந்துடுவார்."

சொல்லி முடித்ததும், அது பொய்யாக இல்லாமல் இருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகை வந்தது.