கடைசிப் பாட்டின் தாளம்

"உங்க கணவர் ஒரு மேதை, மிஸஸ் பில்லிங்!" என் சோபாவில் உட்கார்ந்து பூரித்தார் விமர்சகர் கிறிஸ்பின். செத்தவரைப் புகழ்வதில்தான் இவர்களுக்கு எத்தனை தாராளம்!

1967-ல் என் கென் ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார். அன்று ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. இப்போது கிறிஸ்பின் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தன்னிடமிருந்த பழைய தட்டிலிருந்து பிரதியெடுத்து வெளியிட்டதும், லண்டனே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது.

"கடைசிப் பாட்டு முழுக்க 'தக் தக்'னு ஒரு தாளம் வருதே! அதைப் பத்தி மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். என்ன வாத்தியம் அது?"

அவர் முன்னால் டீயை வைத்தேன்.

"அந்தப் பாட்டுல அப்படி ஒரு தாளமே கிடையாது. என்கிட்ட இருக்கிற தட்டைப் போட்டுக் காட்டட்டுமா?"

"அப்ப என் தட்டுல மட்டும் எப்படி?"

"அதை உங்க ஆபீசுக்குக் கொண்டுவந்து கொடுத்ததே கென்தான். நானும் கூட வந்திருந்தேன். 'ஒரே ஒரு தடவை கேளுங்க சார்'னு கெஞ்சினாரு. நீங்க கேக்கவே இல்ல. உறையிலேர்ந்து உருவித் தரையில எறிஞ்சீங்க. அது மேலயே ஏறி நடந்து போனீங்க."

கிறிஸ்பின் டீயைத் தொடவில்லை.

"என்ன வாத்தியம்னு கேட்டீங்களே? தட்டைக் கீறின உங்க பூட்ஸ்தான்."