ஏரித் தீட்டு

கோழிப் பண்ணை வாசலில் சௌந்திரம் மஞ்சள் தண்ணீர் வாளியோடு நிற்கிறாள். இழவு வீட்டுக்குப் போய் வந்தவனை நிறுத்துவதுபோலப் புருஷன் சின்னண்ணனை வெளியிலேயே நிறுத்தியிருக்கிறாள். அவன் போய் வந்ததோ ஏரிக்கு. மார்கழி பிறந்ததும் வந்திறங்கிய காட்டு வாத்துகளைப் பார்க்க. போன வருஷம் கோழிகளுக்குச் சளி கண்டு, முட்டை ஓடெல்லாம் தண்ணீரில் ஊறிய விரல்நுனிபோலச் சுருங்கிவிட்டது. கோழிகளுக்கென்றே ஒரு கொரோனாக் கிருமி உண்டு, காட்டுப் பறவைகளும் அதைச் சுமந்து வரலாம் என்று கால்நடை டாக்டர் சொல்லிப் போனதிலிருந்து அவளுடைய காவல் இது. “செருப்பை அங்கயே உடுங்க. காலைக் காட்டுங்க.” சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றுகிறாள். கொல்லிமலைக்கு மேல் ஏறிய இளவெயில், அவன் கணுக்காலில் வழியும் மஞ்சள் தண்ணீரில் மினுங்குகிறது. சட்டென்று கை நீட்டி, தூணில் தொங்கும் டிரான்சிஸ்டரை அணைக்கிறாள். கொட்டகைக்குள் ஏதாவது கோழி இருமுகிறதா என்று காது கொடுக்கிறாள். கொக்கரிப்புதான். அவள் முகம் இளகுகிறது. குனிந்து அவன் குதிகால் சேற்றைத் தேய்க்கிறாள். அப்போதுதான், அவள் கொசுவத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சாம்பல் இறகை அவன் பார்க்கிறான். சேலைக் கரையிலும் அதே ஏரிச் சேறு, இன்னும் காயாமல்.

“நீ எப்பப் புள்ள ஏரிக்கு வந்தே?”

“டீ குடிக்கக் கூப்புடலாம்னு வந்தனுங்க. அதுக நீந்தறதை வாயைப் பொளந்துட்டுப் பாத்துட்டிருந்தீங்க. கூப்புட மனசு வரலீங்க,” என்கிறாள், தலை நிமிராமல். “நானும் செத்த நேரம் நின்னு பாத்தேன்.”

சின்னண்ணன் அவள் கையிலிருந்து சொம்பை வாங்கி, வாளியில் முக்குகிறான்.

“காலைக் காட்டுங்க,” என்கிறான்.