மீன்காரரைப் பிடிக்கும் மிஷின்

"ஓடி வாங்க அத்தான், அலாரம் அடிச்சிட்டு!"

பிரீனா மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். பின்னாலேயே அவள் கணவன் எபிசன், ஒற்றைச் செருப்போடு. கேட்டைத் திறந்து பார்த்தால் ரோட்டில் ஒரு கோழி மட்டும் நிதானமாக நடந்து போனது. மீன்காரர் ஜான்ரோஸைக் காணோம்.

எதிர்வீட்டு சுபிதாவும் சட்டியோடு அவள் வாசலில் நின்றாள். "சத்தம் கேட்டுதே, ஆள எங்க?" என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"வாரம் பூரா இதே கததான்," என்றாள் பிரீனா. "இன்னைக்கு மத்தியானம் அப்பா வாறாங்க. கலியாணத்துக்குப் பொறவு முதல்தடவையா நம்ம வீட்டில சாப்பிட வாறாங்க. மீன் இல்லாத சோத்த அவங்க சோறுன்னே சொல்ல மாட்டாங்க, தெரியும்லா?"

எபிசனுக்கு நன்றாகவே தெரியும். 'எனக்க மருமவன் நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல என்னத்தையோ குத்திக்கிட்டு இருக்கான்' என்று மாமனார் திருவட்டாறு முழுக்கச் சொல்லி வைத்திருப்பதும் தெரியும்.

இருவருக்கும் வீட்டிலிருந்தபடியே சாப்ட்வேர் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தால் வாசலில் இடி விழுந்தாலும் கேட்காது. ஜான்ரோஸ் வண்டி ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்காக எபிசன் செய்ததுதான் இந்த மிஷின். ஜன்னல் வழியே போனை நீட்டி அவருடைய ஹாரனைப் பதிவு செய்து, அதை ஒரு புரோகிராமுக்குப் பழக்கி, கேட்டில் ஒரு மைக்கைக் கட்டினான். ஹாரன் தூரத்தில் கேட்டாலே போதும், வீடு அதிர அலாரம் அடித்துவிடும்.

"பேசாம அவரு போன் நம்பர வாங்கியிருந்தா போராதா?" என்று அன்றைக்கே பிரீனா கேட்டாள்.

"நம்பர வாங்குறதுக்கு நாம எதுக்குட்டி புரோகிராம் படிச்சோம்?" என்றான் அவன்.

இது அவனுடைய முதல் கண்டுபிடிப்பும் அல்ல. கரண்ட் போனால் உடனே மெசேஜ் அனுப்பும் புரோகிராம் ஒன்றைப் போன மாதம் எழுதினான். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும் என்பது கரண்ட் போன பிறகுதான் தெரிந்தது. பிரீனா ஒருநாள் முழுக்கச் சிரித்தாள்.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"சின்ன ஸ்பீக்கர் வச்சிருந்தப்போ மனுசன் நம்ம வாசல் வரைக்குமாவது வந்து திரும்புனாரு. நீங்க மாடியில பெரிய ஸ்பீக்கர் வச்ச பொறவு இந்த ரோட்டுக்குள்ளயே வரல்ல."

"நீ வீட்டுக்குப் பொறத்த செடிக்குத் தண்ணி விட்டுட்டு நின்னாலும் கேக்கணும்னுதானே மக்கா வச்சேன்? புரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல. அவருக்குத்தான் என்னமோ ஆயிட்டு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னைக்கு மீன் வரல்லன்னா உங்க வயரு, போர்டு எல்லாத்தையும் சாக்கில கட்டி ஆக்கர் கடையில எடைக்குப் போட்டிருவேன். ஆமா!"

சொன்னால் செய்கிற பெண். எபிசன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான்.

நல்லவேளையாக ஜான்ரோஸ் ரோட்டு முக்கிலேயே நின்று யாருக்கோ சாளை மீன் எடைபோட்டுக்கொண்டிருந்தார். எபிசனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன அண்ணே, எங்க ரோட்டுக்கே வராம போறியளே?"

"உங்களுக்குத்தான் வேற ஆளு இருக்கே தம்பி. எனக்க மீனு எதுக்கு?"

"வேற ஆளா?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. விடியக்காலமே கடியப்பட்டணத்துல மீனெடுத்துட்டு ஓடி வாறேன். இந்த முக்குல நான் ஹாரன் அடிச்சா, அங்க உங்க வீட்டுப் பக்கம் ஒருத்தன் நின்னு அடிக்கான். ஒரு ரோட்டில ஒருத்தன் நின்னு விக்கும்போ இன்னொருத்தன் உள்ள போவ மாட்டோம். அது எங்களுக்குள்ள உள்ள மொற."

எபிசனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆக, புரோகிராம் சரி. மிஷின் சரி. தப்பெல்லாம் யாரோ ஒரு மீன்காரனுடையது!

"சத்தியமாட்டு நாங்க வேற யாருகிட்டயும் வாங்கல்ல அண்ணே. வாரம் பூரா எங்க வீட்டில முட்டையாக்கும். இன்னைக்கு மாமா வேற வாறாங்க."

முட்டை என்றதும் ஜான்ரோஸ் இளகிவிட்டார். பெட்டிக்குள் கையைவிட்டு நல்ல அயிலையாகப் பொறுக்கி எடுத்து, மாமனாருக்கென்று இரண்டு கூடுதலாகவும் போட்டுக் கொடுத்தார். எபிசன் பையை வாங்கிக்கொண்டான். வயரும் போர்டும் பிழைத்துவிட்டன.

"அவன் யாருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன் அண்ணே. கேமரா வச்சி ஒரு புரோகிராம் எழுதுனா நாளைக்கே ஆளு சிக்கிருவான்."

"நாளைக்கு எதுக்கு? நான் அடிச்சா அந்தப் பயலுக்குப் பொறுக்காது, உடனே அடிப்பான். இப்பமே கேளுங்க."

ஜான்ரோஸ் ஹாரனை அமுக்கினார். பாம்... பப்பாம்!

அடுத்த நொடியே ரப்பர் மரங்களுக்கு அந்தப்புறம், எபிசனின் வீட்டுப் பக்கமிருந்து, இதைவிட ஓங்கி ஒரு சத்தம் வந்தது. பாம்... பப்பாம்!

"கேட்டீங்களா! எனக்க ஹாரன் மாதிரியே ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கான் பாத்தீங்களா, திருட்டுப் பய!" என்று ஜான்ரோஸ் குதித்தார்.

எபிசன் மீன்பையை மெதுவாக பைக்கில் மாட்டினான். மணிச்சத்தம் வேண்டாம், மீன் வந்தால் மீன்காரர் வந்த மாதிரியே கேட்கட்டும் என்று ஆசைப்பட்டு, பதிவு செய்த அவருடைய ஹாரனையே அலாரமாகவும் வைத்தது அவன்தான்.