நான்கு குவியல்கள்

மழை விட்டு மட்டாஞ்சேரிச் சந்துக்குள் வெயில் வந்திருக்கிறது. ஜன்னலோரம் கோணிச் சாக்கை விரித்து ஆவுடையம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். சுக்குக் கிடங்கில் முப்பது வருடம் தரம் பிரித்த கை, மகனுடைய பெட்டியிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டிவிட்டுப் போடுகிறது. கலூர் போய் மெட்ராஸ் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துத் திரும்பிய மகன் சங்கரலிங்கம், மின்பொறியியல் பேராசிரியர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறார். இரைச்சலுக்குள்ளிருந்து இதயத் துடிப்பைப் பிரித்தெடுக்கும் அவருடைய கணக்கு, கம்ப்யூட்டர் படிப்பதற்காகத் துளையிட்ட அந்த எழுநூறு அட்டைகளில் இருக்கிறது. இரண்டு வருட உழைப்பு. நாளைக் காலை மெட்ராஸ் கம்ப்யூட்டரில் அவருக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஓர் அட்டை வரிசை மாறினாலும் கணக்கு ஓடாது. “பெட்டி நனஞ்சிட்டுலே. காய வைக்கலாம்னு எடுத்தேன், பூராவும் பூச்சி அரிச்சது. தரம் பிரிச்சிட்டேன், கேட்டியா,” என்கிறாள் அம்மா, நிமிராமல். சாக்கின் மேல் நான்கு குவியல்கள். துளை மிகுந்தவை கழிவாகச் சுவரோரம் கிடக்கின்றன. படகுத்துறையில் போட் ஒன்று சங்கு ஊதிப் புறப்படுகிறது. அவள் கடைசி அட்டையைத் தூக்கிப் பிடிக்க, துளைகளின் வெயில் புள்ளி புள்ளியாக அவள் கன்னத்தில் விழுகிறது. அது எத்தனையாவது அட்டை என்று பேராசிரியருக்குத் தெரியவில்லை. அதையும் கழிவில் போட்டுவிட்டு, பெட்டிக்கு அடியில் உபரியாகக் கிடந்த, துளையே போடாத பதினோரு அட்டைகளை வாழைநாரால் கட்டி மகனிடம் நீட்டுகிறாள். “ஒண்ணாந்தரம் இதுதான். ரெண்டு வருசத்துல தேறினது இம்புட்டுதானாலே?”